சோறு, திரும்பு, அமிர்தம்

கோதண்டபாணிக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகியும் அவர் வாயில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்தான்: ரைட். பசித்தாலும் ரைட், பசிக்கவில்லை என்றாலும் ரைட். கால் இழுத்துக்கொண்டு வலிக்கும்போதும் அதையேதான் சொல்வார். சொன்னது யாருக்கும் விளங்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, யோசித்து, இன்னொரு முறை நிதானமாகச் சொல்லிப் பார்ப்பார். அப்போதும் வருவது ரைட்தான்.

விருத்தாசலத்துக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவர் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர். பேச்சுக்காரர். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிற நேரத்துக்குள் ஒருவரிடம் மகள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்றும், பின்னால் நிற்பவரிடம் கரும்பு வெட்டு முடிந்ததா என்றும் விசாரித்துவிடுவார். 2008ஆம் வருஷம் ஆடி மாதம், பாலக்கரை நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது விசில் அவர் கையை விட்டு நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. டிரைவர் அர்ச்சுனன் பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார், உள்ளே இருந்த நாற்பது பேரோடும்.

உயிர் பிழைத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அங்கிருந்த டாக்டர், கோதண்டபாணியின் மனைவி அமிர்தத்தை உட்கார வைத்துச் சொன்னார்: "நாம பேசுறது எல்லாம் இவருக்குப் புரியும்மா. ஒரு படத்தக் காட்டுனா அது என்னன்னு தெரியும். ஆனா வார்த்தை மட்டும் வாய்க்கும் வராது, கைக்கும் வராது. சில பேருக்கு ரொம்பப் பழகின ஒரு வார்த்தை மட்டும் தங்கிப் போயிடும்."

அமிர்தம் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை செய்தாள். சூளையிலிருந்து வரும், கரண்ட் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பீஸ் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துத் தரம் பிரிக்கிற வேலை. நல்லது கணீர் என்று பேசும். உள்ளே விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு விடுவார்கள். அதுவரை பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டாள். ஒரே மகள் அன்பரசி பெண்ணாடத்தில் வாக்கப்பட்டுக் கைக்குழந்தையோடு இருந்தாள். வேலையை விட்டுவிட அமிர்தத்துக்கு வழியில்லை. இரண்டு மணிக்குச் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தால், அப்புறம் ராத்திரி படுக்கிறவரை அவள் கை ஓயாது.

அமிர்தத்தின் தங்கை மகள் சிவசங்கரி இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பொங்கல் லீவுக்கு வந்தவள் ஆட்டோவிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை இறக்கினாள். முன்பக்கம் மஞ்சளேறிப்போன பெரிய திரை, ஒரு பெட்டி, இரண்டு குட்டி ஸ்பீக்கர், கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் மற்றவை. கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு எல்லாவற்றையும் மாட்டினாள்.

"இது என்னோட ப்ராஜெக்ட்டு பெரியம்மா. பெரியப்பாவ நெனச்சுத்தான் பண்ணியிருக்கேன். படத்த அமுக்குனா அது பேசும்."

திரையில் ஆறு படங்கள் தெரிந்தன. சாப்பாடு, உடம்பு, குளியல், ஆளுங்க, வெளியே, டி.வி. ஒன்றை அமுக்கினால் அதற்குள் வேறு ஆறு படம் வரும். உள்ளே போன பிறகு வெளியே வர மேலே இடது மூலையில் ஒரு சிவப்பு அம்பு இருந்தது. அதன் கீழே ‘திரும்பு’ என்று எழுதியிருந்தது. சிவசங்கரி மவுஸைக் கோதண்டபாணியின் இடது கைக்கு மாற்றி வைத்து, அவர் விரலைப் பிடித்துச் சாப்பாட்டுக்குள் போனாள். அங்கே தண்ணீர்க் குவளையை அமுக்கினாள்.

"எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது ஸ்பீக்கர். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி கனத்த குரல்.

அமிர்தம் சிரித்துவிட்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவை. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

"யாருடி இது, யாரு வூட்டு ஆளு?"

"என்கூடப் படிக்கிற பையன் பெரியம்மா. நாகர்கோவிலு. குரல் நல்லா இருக்குதுன்னு பேச வெச்சேன்."

"குரலு நல்லாத்தான் இருக்குது. ஆனா உங்க பெரியப்பா பொறந்ததுலேருந்து ‘வேண்டும்’னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே. இந்த ஆளு தண்ணி கேட்டா நான் யாரோ விருந்தாளிக்குக் குடுக்குற மாதிரி டம்ளர கழுவிட்டு வருவேன்."

கோதண்டபாணியின் வாய் இடது பக்கம் லேசாக மேலே போனது. "ரைட்" என்றார்.

அப்படித்தான் அர்ச்சுனனைக் கூப்பிட வேண்டும் என்று முடிவானது. பதினைந்து வருஷம் ஒரே வண்டியில் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டிய மனிதர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கோதண்டபாணியைப் போலப் பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். கட்டிலில் இருக்கிறவரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மைக்கைக் கையில் கொடுத்ததும் இன்னும் மோசம்.

"அண்ணி, அண்ணன் முன்னாடியே அண்ணன் மாதிரி எப்பிடிப் பேசுறது? ஒரு மாதிரியா இருக்குது."

"பரவால்ல தம்பி. அவருக்கு இப்ப நீங்கதான் வாயி. பேசுங்க."

அமிர்தம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் பேசினார். முதல் நாலைந்து சரியாக வரவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல ஒரு கை தானாக மடிந்தது. வார்த்தையின் வாலை இழுத்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி, கோதண்டபாணி பேசுகிற அதே தினுசு வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் எல்லாப் படத்துக்கும் பேசி முடித்தார்.

சிவசங்கரி எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிவிட்டு, "பெரியப்பா, நீங்களே அமுக்குங்க" என்றாள்.

அமிர்தம் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்தா, தண்ணி கொண்டா."

அவள் பானையைத் திறந்து, சொம்பை முக்கி எடுத்து, நாலு எட்டு வைத்துக் கூடத்துக்கு வந்துவிட்டாள். வந்து நின்ற பிறகுதான் கூப்பிட்டது யார் என்று உறைத்தது. சொம்பு கையில் இருக்க அப்படியே நின்றாள். சிவசங்கரியும் அர்ச்சுனனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டபாணி இடது கையை மவுஸிலிருந்து எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் தண்ணீரைக் கொடுத்தாள். அவர் முழுச் சொம்பையும் குடித்தார்.

சிவசங்கரி காலேஜுக்குத் திரும்பிப் போன பிறகுதான் பாடு தொடங்கியது. முதலில் வழி தவறியது கோதண்டபாணி அல்ல, அமிர்தம். ஒருநாள் கண்ணம்மாள் வீட்டு மருமகன் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது திரையைத் துடைக்கிறேன் என்று மவுஸைத் தட்டிவிட்டாள். உடம்புக்குள் போய், உடம்பிலிருந்து வலிக்குள் போய், வலியிலிருந்து தலைக்குள் போய்விட்டது. "தலை வுட்டுத் தெறிக்குது, அந்தத் தைலத்த எடு" என்றது. அவள் எங்கே அமுக்கினாலும் அதையே சொன்னது. கடைக்குப் போய்ச் சிவசங்கரிக்குப் போன் போட்டாள்.

"அம்புக்குறி இருக்குதுல்ல பெரியம்மா, மேல இடது பக்கம். அத அமுக்குனா ஒரு படி வெளிய வரும். மூணு படி உள்ள போயிருந்தீங்கன்னா மூணு தடவ அமுக்கணும்."

"எத்தினி படி உள்ள போனன்னு நான் எப்பிடிடி எண்ணிக்கிட்டு இருப்பேன்?"

"எண்ண வேணாம். மொதல்ல இருந்த ஆறு படம் வர வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தபோது, கண்ணம்மாள் வீட்டு மருமகன் பிளக்கைப் பிடுங்கியிருந்தான். அதுதான் அமிர்தத்துக்கும் சரியான வழியாகப் பட்டது.

கோதண்டபாணி மட்டும் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டார். எந்தப் படத்துக்குள் எது இருக்கிறது, அங்கிருந்து எத்தனை அமுக்கில் வெளியே வரலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியானது. காலையில் கண்ணம்மாள் எட்டிப் பார்த்தால் உடம்பு, பாத்ரூம் என்று இரண்டே அமுக்கில் சொல்லிவிடுவார். திரும்பு, திரும்பு. டி.வி., செய்தி. "இத முன்னாடியே கண்டுபுடிச்சிருந்தா என் தொண்ட மிச்சமாயிருக்கும்" என்று கண்ணம்மாள் எல்லாரிடமும் சொன்னாள்.

மாசி பிறந்ததும் வேறொரு தொல்லை வந்தது. அமிர்தம் வேலையிலிருந்து வந்து முகம் கழுவுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் கூப்பிடும். "இந்தா, சோறு போடு." கண்ணம்மாள் பன்னிரண்டரைக்கே அவருக்கு ஊட்டிவிட்டிருப்பாள். இருந்தாலும் மனுஷனுக்குப் பசிக்கிறதாக்கும் என்று அமிர்தம் ஈரக்கையோடு சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து வைப்பாள். அவர் பார்ப்பார். தட்டை இடது கையால் அவள் பக்கம் தள்ளுவார். "ரைட்" என்பார்.

கண்டக்டர் ரைட் என்றால் வண்டியை எடு என்று அர்த்தம். எடுத்துக்கொண்டு போ என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டு போவாள். அடுப்படியில் தட்டை வைத்துவிட்டுத் துணியை ஊற வைக்கப் போவாள். மறுபடி "இந்தா, சோறு போடு." மறுபடி கொண்டுவருவாள். மறுபடி தள்ளுவார். ஒருநாள் விரல்களைக் குவித்து அவள் வாய்ப் பக்கமாகக் கொண்டுவந்தார். வாயை மூடு என்கிறார் என்று அவள் நினைத்தாள். இத்தனைக்கும் அவள் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

நாலைந்து நாள் பொறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனியில் இரண்டு பேர் வராமல் மூன்று பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துவிட்டு வந்த அன்று, தட்டு கையால் தள்ளப்பட்டுக் கட்டில் விளிம்பிலிருந்து கீழே விழுந்தது. சோறு தரையெல்லாம் சிதறியது.

"ஏங்க, வேணும்னு கேக்குறீங்க, போட்டா தள்ளி வுடுறீங்க. நான் என்ன மிஷினா? உங்களுக்கு வெளையாட்டா இருக்குதா?" குனிந்து சோற்றை அள்ளத் தொடங்கினாள். "பேச முடியாதப்பவே நல்லா இருந்தீங்க. பேச வந்ததும் இப்பிடி ஆட்டி வெக்கிறீங்களே."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து மவுஸைத் தொடவில்லை. சனிக்கிழமை கண்ணம்மாள், "என்னாச்சு அமிர்தம், அண்ணன் கம்ப்யூட்டரு பக்கமே திரும்பல" என்றாள். ஞாயிறு, திங்களும் அப்படியே. அமிர்தம் மன்னிப்புக் கேட்பதுபோல முடி வெட்டிவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் உடம்பைக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தார். ரைட்டும் சொல்லவில்லை.

அவள் சிவசங்கரிக்குப் போன் போட்டு, "உன் மிஷின் தப்பாச் சொல்லுது போலருக்குது. வேற எதையோ அமுக்குனா சோறுன்னு சொல்லுது" என்றாள். அடுத்த சனிக்கிழமை மதியம் சிவசங்கரி பஸ் பிடித்து வந்தாள். அமிர்தம் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

சிவசங்கரி கம்ப்யூட்டரைப் போட்டு, அமிர்தம் அதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தாள். வெள்ளையில் வரிவரியாக என்னவோ இறங்கிக்கொண்டே போனது.

"பெரியப்பா எத அமுக்குனாலும், எத்தன மணிக்கு அமுக்குனாருன்னு இது எழுதி வெச்சுக்கும். ரிப்போர்ட்டுக்காகப் போட்டது." கொஞ்ச நேரம் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "தப்பு என்னோடதுதான் பெரியம்மா. மெனுவ ரொம்பச் சுத்து வழியாப் போட்டுட்டேன். பெரியப்பாவுக்கு வழி தெரியல. உள்ளயே சுத்திச் சுத்தி வராரு."

"எப்பிடிச் சொல்ற?"

"இத கேளுங்க. ரெண்டு இருவதுக்கு சாப்பாடு. அப்புறம் சோறு. அப்புறம் திரும்பு, திரும்பு. அப்புறம் ஆளுங்க. அமிர்தம். உங்க படத்துக்குள்ள போயிருக்காரு. அங்க எதையும் அமுக்கல. ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு, திரும்பு, திரும்பு. மறுபடி சாப்பாடு, சோறு, திரும்பு, திரும்பு, ஆளுங்க, அமிர்தம். மறுபடி திரும்பு. அன்னிக்கு மட்டும் ஆறு தடவ. மறுநாளும் இதேதான். வழி தெரியாம முட்டிக்கிட்டு நிக்கிறாரு, பாவம்."

அமிர்தம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காலையிலயும் இப்பிடித்தான் சுத்துறாரா?"

சிவசங்கரி மேலே ஏற்றிப் பார்த்தாள். "இல்ல. காலையில நேராப் போறாரு, நேரா வராரு. ஒரு தப்பு கூட இல்ல."

"இருவத்திரண்டு வருஷம் வழி தெரிஞ்சு போனவரு. ரெண்டு இருவதுக்கு மட்டும் அவருக்கு எப்பிடி வழி தப்பும்?"

சிவசங்கரி அந்த வரிகளை மறுபடி கீழே இறக்கிப் பார்த்தாள்.

"என் படத்துக்குள்ள என்னடி வெச்சிருக்க?"

"இங்க வா. தூக்கி வுடு. கதவத் தொற. லைட்ட போடு. பக்கத்துல உக்காரு. போ. ஆறு."

அமிர்தம் அந்த ஆறையும் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் அவளை வேலை வாங்குகிற சொற்கள். ரெண்டு இருபதுக்கு அவள் இந்தக் கூடத்தில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசித்தாள். சைக்கிளை நிறுத்தி, முகம் கழுவி, அவருக்குத் துணி மாற்றி, படுக்கையை உதறி, பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள். சோற்றுப் பானைப் பக்கம் போவது எப்போது? நாலு மணிக்கு. சில நாள் ஐந்து. பல நாள் கம்பெனியில் குடித்த டீயோடும் பன்னோடும் சரி. தட்டு அவள் பக்கமாகத் தள்ளப்பட்டதை நினைத்தாள். குவிந்து வந்த விரல்களை நினைத்தாள். 

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்.

"ஏங்க. நான் சாப்ட்டனான்னா கேட்டீங்க?"

அவர் திரும்பவில்லை. ஆனால் மூச்சு ஒரு கணம் நின்றது அவளுக்குத் தெரிந்தது.

"சோறு, அப்புறம் நானு. சோறு, அப்புறம் நானு. அமிர்தம் சாப்ட்டியான்னு. அதத்தான் கேட்டீங்களா?"

அவர் மெல்லத் திரும்பினார். இடது கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரைட்" என்றார். ஏழு மாதமாக எல்லாவற்றுக்கும் சொன்ன அதே சொல்தான். ஆனால் இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் தடவை சொல்லிப் பார்க்கவில்லை.

சிவசங்கரி மவுஸைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பட்டனையே நான் வெக்கல பெரியம்மா" என்றாள் தாழ்ந்த குரலில். "ஒடம்பு முடியாதவங்கன்னா, எனக்கு அது வேணும் இது வேணும்னு மட்டுந்தான் சொல்லுவாங்கன்னு நெனச்சுட்டேன். அவங்களுக்கும் அடுத்தவங்கள ஒண்ணு கேக்கணும்னு இருக்கும்னு தோணவே இல்ல."

அமிர்தம் கணவனின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இல்லீங்க. சாப்புடல. நேத்தும் சாப்புடல. நீங்க விழுந்ததுலேருந்து நேரத்துக்குச் சாப்ட்டதே இல்ல. யாரும் கேக்கல, நானும் நெனக்கல."

அன்று மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதல் நாள் வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, சுட்ட அப்பளம். அவருக்குப் பசியில்லை. ஆனால் அப்பளத்தை வாங்கி நொறுக்கி அமிர்தத்தின் தட்டில் போட்டார். அவள் கடைசி வாய் சாப்பிடுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே அர்ச்சுனனை மறுபடி வரவழைத்தார்கள். முதல் பக்கத்தில் டி.வி. இருந்த இடத்தில் ‘கேக்கிறது’ என்று ஒரு புதுப் படம் வந்தது, டி.வி. ‘வெளியே’ படத்துக்குள் போய்விட்டது. அதற்குள் என்னென்ன வைப்பது என்று சிவசங்கரி நோட்டை விரித்தபோது அமிர்தமும் அர்ச்சுனனும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். கோதண்டபாணி சரி என்றால் தலையை ஆட்டினார், இல்லை என்றால் கையை வீசினார். சாப்ட்டியா. எங்க போயிட்டு வர. வூட்டுல எல்லாரும் சௌக்கியமா. என்ன கொழம்பு. என்ன ஆச்சு. அர்ச்சுனன் தானாகவே ஒன்று சேர்த்தார்: வண்டி இப்ப எத்தினி மணிக்கு எடுக்குறாங்க.

"இதுக்கு ஒரு பட்டன் எதுக்கு தம்பி?" என்றாள் அமிர்தம்.

"நான் வந்தா அண்ணன் மொதல்ல அதத்தான் கேப்பாரு அண்ணி. அவருக்கு பதிலா வந்த கண்டக்டரு எடுக்குற நேரம் ஒண்ணும் சரியில்ல. எனக்கும் யார்கிட்டயாச்சும் சொல்லணும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேள்வி கேட்கப்படாமல் யாரும் வாசல் தாண்ட முடியவில்லை. தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கண்ணம்மாள் வீட்டு மருமகன், எல்லாரும் சௌக்கியம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பெண்ணாடத்திலிருந்து வந்த அன்பரசி அப்பாவின் கேள்விக்கு அரை மணி நேரம் மாமியார் கதையைச் சொன்னாள். ஏப்ரலில் சிவசங்கரிக்குக் காலேஜில் கடைசி ரிவியூ நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கேட்கிற மெனுவை எதற்கு முதல் பக்கத்தில் வைத்தாய் என்று கேட்டாராம். அவள் அந்த ரெண்டு இருபது வரிகளை வாசித்துக் காட்டினாளாம். நல்ல மார்க் வந்தது என்று போனில் சொன்னாள்.

சித்திரை வெயில் உச்சியில் இருந்த ஒருநாள். கம்பெனியிலிருந்து அனுப்பிய சரக்கில் விரிசல் விட்ட பீஸ் கட்டைகள் கலந்திருந்தன என்று ஒரு பெட்டி திரும்பி வந்திருந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அமிர்தத்தை நிற்க வைத்துக் காது கேட்கிறதா என்று கேட்டார். நாளையிலிருந்து அட்டைப்பெட்டிக்கு வைக்கோல் திணிக்கிற வேலைக்குப் போகச் சொன்னார். பதினொரு வருஷமாகத் தட்டிப் பார்த்த வேலை. இரண்டு மணி அடித்ததும் அவள் கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கோதண்டபாணி அவளைப் பார்த்துவிட்டார்.

"சாப்ட்டியா" என்றது ஸ்பீக்கர்.

"சாப்டறேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸ் நகர்கிற சத்தம். "என்ன ஆச்சு."

"ஒண்ணுமில்லீங்க. வெயிலு."

அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கேயும் அது வந்தது. "என்ன ஆச்சு." தட்டை எடுத்தாள். "என்ன ஆச்சு." அர்ச்சுனன் ஒரே ஒரு தடவைதான் பேசிக் கொடுத்திருந்தார், அதே இழுப்பு, அதே வெட்டு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து கேட்பது போல அவளுக்குப் பட்டது. நாலாவது தடவை தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். கட்டில் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பெட்டிய நான் தட்டவே இல்லீங்க" என்றாள். "போன மாசம் அன்பரசி வூட்டுக்குப் போயிருந்தனே, அந்த ரெண்டு நாள்ல வேற யாரோ பாத்து அனுப்புனது. பெட்டி மேல தேதி போட்டிருக்குது. ஆனா அத்தினி பேரு நிக்கிறாங்க, என் வாயில அது வரல."

சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை. மேனேஜர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பதிலிருந்து, கூட வேலை செய்பவர்கள் யார் யார் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்பது வரை சொன்னாள். அங்கிருந்து வேறு எங்கெங்கோ போனாள். மழையில் சைக்கிள் செயின் கழன்ற அன்று வழியில் உட்கார்ந்து அழுதது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸிடம் திட்டு வாங்கியது. ஒன்பது மாதமாக யாரிடமும் சொல்லாதது.

நடுவில் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி ஓய்ந்தது. திரை அணைந்து கறுப்பானது. அமிர்தம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். அவர் மவுஸை விட்டுவிட்டு, தலைமாட்டில் துழாவி, பனைமட்டை விசிறியை எடுத்தார். இடது கையால் கோணல்மாணலாக அவள் பக்கம் வீசினார். ஒரு வீச்சு காற்று வந்தது, ஒரு வீச்சு காதில் பட்டது. அவள் விசிறியை நேராகத் திருப்பிப் பிடிக்க வைத்தாள்.

"எங்க வுட்டேன்?" என்றாள்.

அவர் காத்திருந்தார்.

"ஆங், அந்த நர்ஸு. அவ என்ன சொன்னா தெரியுங்களா..."

கரண்ட் வர நாலு மணி ஆனது. அதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போய் அந்தத் தேதியைக் காட்டப் போவதாகவும் அவள் முடிவு செய்திருந்தாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று அவரிடம் இரண்டு மூன்று விதமாகப் பேசிக் காட்டினாள். முதல் இரண்டுக்கும் அவர் கையை வீசினார். மூன்றாவதற்குத் தலையை ஆட்டினார்.